ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் நேரலை ரிப்போர்ட்: எந்த வழி எதைக் கேட்கிறது?

ஆர்டர் பதிவதும் பணம் வரவு வைப்பதும் இடைவிடாமல் நடக்கும் டேட்டாபேஸில், "இந்த நிமிடம் வரை எவ்வளவு?" என்று கேட்கும் ரிப்போர்ட்டையும் ஓட்டியாக வேண்டும். கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர் குழுவில்) மூன்று நோடு (சர்வர்) இருந்தால் ஒன்றை ரிப்போர்ட்டுக்கு ஒதுக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஒதுக்கிய பிறகும் ரிப்போர்ட் ஓடும் நேரத்தில் கமிட் (பரிவர்த்தனையை உறுதிசெய்து பதிவது) இழுக்கும். சிபியு வரைபடத்தைப் பார்த்தால் மூன்று நோடிலும் இடம் காலியாகக் கிடக்கும். அங்கிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது.

தனி நோடு கொடுத்தால் சிபியுவும் நினைவகமும் தனியாகும், அவ்வளவுதான். டேபிள் வரிகளின் பழைய பதிப்புகள் (ஏற்கெனவே தொடங்கிய வாசிப்புக்காக வைத்திருப்பவை), நோடுகளுக்கு இடையிலான பிணையம், டிஸ்க், வந்து சேரும் லாக்கை (மாற்றங்களின் பதிவேட்டை) நகலில் பொருத்தும் வேலை ஆகியவை இன்னும் பொதுவாகவே இருக்கலாம். ஆகவே கீழே ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால் அளக்கிறோம்: ரிப்போர்ட்டும் பரிவர்த்தனையும் இன்னும் எதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன? வேகத்தைவிட இந்தக் கேள்விதான் முடிவைச் சரியாகக் காட்டும்.

முதலில் "நேரலை"க்கு ஓர் எண் எழுதுங்கள்

ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் எத்தனை வினாடி பின்தங்கினால் பரவாயில்லை என்று எழுதி, கேட்டவரிடம் ஒப்புதல் வாங்குங்கள். எண் இல்லாமல் "நேரலை" என்று மட்டும் இருந்தால் எல்லாம் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். கடைசி இரண்டு மூன்று வினாடிகளைப் பிடிக்கத்தான் செலவு பெரும்பாலும் போகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 10:00 மணிக்குத் தொடங்கி 8 நிமிடம் ஓடும் குவெரி, 10:08க்குத் தரும் விடை 10:00 மணி நிலவரம்தான். பதிப்புகளை வைத்து வாசிக்கும் ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் எஞ்சின்) எல்லாவற்றிலும் இதுவே கதை. 8 நிமிடம் ஓடும் ரிப்போர்ட்டுக்கு "2 வினாடிக்கு மேல் பின்தங்கக் கூடாது" என்ற நிபந்தனைக்குப் பொருளே இல்லை. அதை ரெப்ளிகாவுக்கு (மாற்றங்களைத் தொடர்ந்து பெறும் நகல் டேட்டாபேஸுக்கு) அனுப்பத் தயங்க வேண்டாம். உண்மையில் பூஜ்யம் வேண்டுபவை ஒரு வாடிக்கையாளரின் கடன் வரம்பு, ஒரு பொருளின் கையிருப்பு போன்ற குறுகிய கேள்விகள். அவை இண்டெக்ஸ் வழியாகச் சில வரிகளை மட்டும் தொடும். அவற்றைப் பரிவர்த்தனையின் பகுதியாகவே கருதி, எழுதும் நோடிலேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஒரே ரிப்போர்ட் ஐந்து குவெரியாக ஓடினால், ரீட் கமிட்டெட் (கமிட் ஆனதை மட்டும் காட்டும்) நிலையில் ஒவ்வொன்றும் வேறு வேறு நொடியைப் பார்க்கும். மேலே போட்ட மொத்தமும் கீழே உள்ள விவரமும் ஒத்துப்போகாது. போஸ்ட்கிரெஸில் ரிப்பீட்டபிள் ரீட், ஆரக்கிளில் "செட் டிரான்சாக்ஷன் ரீட் ஒன்லி" என்று தொடங்கினால் ஐந்தும் ஒரே ஸ்னாப்ஷாட்டை (ஒரே நொடியின் நிலவரத்தை) பார்க்கும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைச் செய்தாக வேண்டும்.

வழி 1: எழுதும் நோடுகளிலேயே, கட்டுப்பாட்டோடு

ஆரக்கிளில் ரிசோர்ஸ் மேனேஜர், எஸ்கியூஎல் சர்வரில் ரிசோர்ஸ் கவர்னர், மைஎஸ்கியூஎல் 8இல் ரிசோர்ஸ் குரூப் ஆகியவை சிபியுவைப் பங்கிட்டுக் கொடுக்கும். போஸ்ட்கிரெஸில் அப்படி உள்ளமைந்த கருவி கிடையாது. ரிப்போர்ட்டுக்கென ஒரு ரோல் உருவாக்கி, அதற்கு ஸ்டேட்மென்ட் டைம்அவுட் வைத்து, இணைப்பு எண்ணிக்கையைப் பூலரில் (இணைப்புகளைப் பகிர்ந்தளிக்கும் மென்பொருளில்) நாலைந்துக்குள் அடக்க வேண்டும்.

எஸ்கியூஎல் சர்வரில் இந்த வழியில் போவதானால் முதல் வேலை, ரீட் கமிட்டெட் ஸ்னாப்ஷாட்டை இயக்குவது. இல்லாவிட்டால் வாசிப்பவர் எழுதுபவரைத் தடுப்பார், எழுதுபவர் வாசிப்பவரைத் தடுப்பார். அதற்குப் பதில் எல்லா இடத்திலும் நோலாக் (பூட்டை மதிக்காமல் படி என்ற குறிப்பு) போடும் பழக்கத்தை விடுங்கள். கமிட் ஆகாத வரிகளைப் பார்ப்பது மட்டும் அதன் குறை இல்லை. ஸ்கேன் நடக்கும்போது பக்கம் (வரிகளைச் சேமிக்கும் அலகு) நிரம்பிப் பிளந்தால் ஒரே வரி இரண்டு முறை வரும், அல்லது கமிட் ஆன வரியே விடுபடும். பணத்தைக் கூட்டும் ரிப்போர்ட்டில் இதை ஏற்க முடியாது.

சிபியுவைக் கட்டினாலும் பழைய பதிப்புகள் கட்டுக்குள் வராது. போஸ்ட்கிரெஸில் ஒரு ரிப்போர்ட் 40 நிமிடம் ஒரே ஸ்னாப்ஷாட்டைப் பிடித்திருந்தால், அந்த டேட்டாபேஸில் அதற்குப் பிறகு மாற்றப்பட்டோ அழிக்கப்பட்டோ செத்த எந்த வரியையும் வேக்கம் (குப்பையைத் துடைக்கும் பின்னணி வேலை) அகற்றாது. ரிப்போர்ட் தொடாத டேபிளிலும் அகற்றாது. வேலை வரிசை போன்ற ஒரு சின்ன டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள வரிகள் 500, வினாடிக்கு 200 அப்டேட். 2,400 வினாடியில் 4,80,000 செத்த பதிப்புகள் சேரும். அடுத்த வேலையை எடுக்க வரும் ஒவ்வொரு குவெரியும் அந்தக் குப்பைமேட்டை மிதித்துத்தான் போக வேண்டும். இன்னோடிபியில் இதே நிலை ஹிஸ்டரி லிஸ்ட் (இன்னும் அகற்றாத பழைய பதிப்புகள்) நீளமாகத் தெரியும். அது ஏறிக்கொண்டே போனால் நீண்ட ஸ்னாப்ஷாட் ஒன்று எங்கோ திறந்திருக்கிறது என்று பொருள்.

சில வினாடிகளில் முடியும் ரிப்போர்ட்டுக்கு மட்டுமே இந்த வழி. அதற்கு மேல் வேண்டாம்.

வழி 2: பொது டிஸ்க் கிளஸ்டரில் ரிப்போர்ட்டுக்குத் தனி நோடு

ஆரக்கிள் ரேக் (RAC) கிளஸ்டர் வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். எல்லா நோடும் ஒரே டேட்டாபேஸ் கோப்புகளைத் திறந்திருப்பதால் தாமதம் பூஜ்யம். அதுதான் இதன் கவர்ச்சி, விலையும் அங்கேதான்.

ஒரு பிளாக்கை (வரிகளைச் சேமிக்கும் அலகை) கிட்டப் போய்ப் பார்க்கலாம். நோடு 3இல் ரிப்போர்ட் 10:00க்குத் தொடங்குகிறது. 10:07க்கு ஆர்டர் டேபிளின் ஒரு பிளாக்குக்கு வருகிறது. அந்த பிளாக் நோடு 1இன் பஃபர் கேஷில் (நினைவகத்தில்) இருக்கிறது, 10:00க்குப் பிறகு 60 முறை மாறியிருக்கிறது. நோடு 3 கேட்கிறது. நோடு 1இல் உள்ள எல்எம்எஸ் செயல்முறை (பிற நோடுகளுக்கு பிளாக் அனுப்புவது) அண்டூ பதிவுகளை (மாற்றத்துக்கு முந்தைய மதிப்புகளை) ஒவ்வொன்றாகப் படித்து, 60 மாற்றத்தையும் பின்னோக்கித் தள்ளி, 10:00 மணி நகலைக் கட்டி அனுப்ப வேண்டும். டிஸ்க்கிலிருந்து அண்டூவை எடுக்க நேர்ந்தால் எல்எம்எஸ் காத்திருக்காது. கட்டியவரை கொடுத்துவிடும், மீதியை நோடு 3 முடிக்க வேண்டும். புதிய மாற்றம் உள்ள பிளாக் என்றால் அதற்குரிய ரெடோ (மாற்றங்களின் லாக்) டிஸ்க்கில் எழுதப்படும் வரை அனுப்புவது நிற்கும். "ஜிசி சிஆர் பிளாக் பிசி" என்ற காத்திருப்பு அப்போதுதான் எழும். ஆக, வாசிக்க மட்டும் வந்த ரிப்போர்ட், நோடு 1இன் எல்எம்எஸ்ஸையும் லாக் எழுதும் செயல்முறையையும் வேலை வாங்குகிறது. கமிட் செய்யக் காத்திருப்பவர்களும் அதே லாக் எழுத்தாளரின் வாசலில்தான் நிற்கிறார்கள்.

அதனால் இந்த வழியில் ரிப்போர்ட் எதைப் படிக்கிறது என்பதுதான் எல்லாம். நேற்று வரையிலான பார்ட்டிஷன்களை (டேபிளின் தனித்தனிப் பகுதிகளை) படித்தால் யாருக்கும் தொல்லை இல்லை. இந்த ஒரு மணி நேரத்தின் பார்ட்டிஷனைப் படித்தால் எழுதும் நோடுகளோடு நேருக்கு நேர் மோதல். தேதி வாரியாகப் பார்ட்டிஷன் பிரித்து, குவெரியில் தேதி நிபந்தனை கட்டாயம் இருக்கும்படி செய்வது, நோடைப் பிரிப்பதைவிட அதிகப் பலன் தரும்.

அமைக்கும் முறை இப்படி. எஸ்ஆர்விசிடிஎல் (srvctl) கருவியால் இரண்டு சர்வீஸ் (பயன்பாடுகள் இணையும் பெயர்) உருவாக்குங்கள். பரிவர்த்தனை சர்வீஸுக்கு 1, 2 முதன்மை நோடுகள், 3 மாற்று. ரிப்போர்ட் சர்வீஸுக்கு 3 மட்டும், மாற்று எதுவும் வேண்டாம். நோடு 3 விழுந்தால் ரிப்போர்ட் எழுதும் நோடுகளுக்குத் தாவி வருவதைவிட நின்று போவதே நல்லது. பேரலல் குவெரியின் (பல செயல்முறைகள் பிரித்து ஓட்டும் குவெரியின்) துணைச் செயல்முறைகள் சர்வீஸ் ஓடும் நோடுகளுக்குள் அடங்கும். கூடுதல் பாதுகாப்புக்கு "பேரலல் ஃபோர்ஸ் லோக்கல்" அளவுருவை ட்ரூ என்று வையுங்கள். பயன்பாடுகள் எஸ்ஐடி (ஒரு நோடின் தனிப் பெயர்) மூலமாகவோ பொதுவான டேட்டாபேஸ் பெயர் மூலமாகவோ இணைந்தால் இந்தப் பிரிவினை முழுக்க வீண். எந்த செஷன் எந்த சர்வீஸில் வந்திருக்கிறது என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

சறுக்கும் இடங்கள் இரண்டு. பெரிய ஸ்கேன் பஃபர் கேஷைத் தவிர்த்து டிஸ்க்கிலிருந்து நேரடியாகப் படிக்கும்போது, அந்த டேபிளின் மாறிய பிளாக்குகளை எல்லா நோடும் முதலில் டிஸ்க்கில் எழுதியாக வேண்டும். சூடான டேபிளில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி ஸ்கேன் ஓடினால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும் நோடுகளின் டிஸ்க்கில் அலை எழும். அதைத் தவிர்க்க, ரிப்போர்ட்டின் பாதையை இண்டெக்ஸுக்கோ சிறிய பார்ட்டிஷனுக்கோ திருப்ப வேண்டும்.

இரண்டாவது, ஓரா-01555. "ஸ்னாப்ஷாட் பழையதாகிவிட்டது" என்று நோடு 3இல் ரிப்போர்ட் செத்தால் நோடு 3இன் அண்டூ டேபிள்ஸ்பேஸை (சேமிப்பிடத்தை) பெரிதாக்குவார்கள், பலன் இருக்காது. ரேக்கில் ஒவ்வொரு நோடுக்கும் தனி அண்டூ டேபிள்ஸ்பேஸ். தேவைப்பட்ட பழைய பதிப்பு எழுதிய நோடின் அண்டூவில்தான் இருந்தது. கணக்கு எளிது: நோடு 1 வினாடிக்கு 5 எம்பி அண்டூ எழுதுகிறது, ரிப்போர்ட் 40 நிமிடம் ஓடும் என்றால் 5 × 2,400 = 12,000 எம்பி, அதாவது ஏறக்குறைய 12 ஜிபி. உச்ச நேர வேகத்தை எடுத்துக் கணக்கிட்டு, எழுதும் நோடு ஒவ்வொன்றிலும் அந்த அளவு வைத்து, அண்டூ ரிடென்ஷனையும் (அண்டூவை வைத்திருக்கும் நேரத்தையும்) 2,400 வினாடிக்கு மேல் ஏற்றுங்கள்.

வழி 3: வாசிக்க மட்டும் ஒரு ரெப்ளிகா

பெரும்பாலோருக்கு நாங்கள் முதலில் சொல்வது இதுதான். டிஸ்க் தனி, கேஷ் தனி, பிணையச் சண்டை இல்லை. மீதி பொதுவாக நிற்பது லாக்கைப் பொருத்தும் வேலையும் சில நேரம் பழைய பதிப்புகளும். எஞ்சின் வாரியாக அது எங்கே கடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

போஸ்ட்கிரெஸின் ஹாட் ஸ்டாண்ட்பை (வாசிக்க விடும் ரெப்ளிகா) 2010இல் 9.0 பதிப்போடு வந்தது. அதில் எல்லோரும் சந்திக்கும் பிழை, "மீட்பு வேலையோடு மோதியதால் குவெரி ரத்து". நடப்பது இது: முதன்மை நோடில் வேக்கம் செத்த வரிகளை அகற்றுகிறது. அந்தச் செய்தி லாக் வழியாக ரெப்ளிகாவுக்கு வருகிறது. அங்கே ஓடும் ரிப்போர்ட்டுக்கோ அந்த வரிகள் இன்னும் வேண்டும். ரெப்ளிகா "மேக்ஸ் ஸ்டாண்ட்பை ஸ்ட்ரீமிங் டிலே" அளவுக்குப் பொறுக்கும், இயல்பாக 30 வினாடி. பிறகு குவெரியைக் கொல்லும்.

அந்த 30 வினாடி ஒவ்வொரு குவெரிக்கும் தனித்தனியாகக் கிடைக்கும் சலுகை இல்லை. லாக் வந்து சேர்ந்ததிலிருந்து பொருத்தி முடிக்க அனுமதித்த மொத்த நேரம் அது. முந்தைய ரிப்போர்ட் 25 வினாடியைத் தின்றுவிட்டிருந்தால் அடுத்து மோதுவதற்கு 5 வினாடிதான் மிச்சம். "அதே ரிப்போர்ட் காலையில் ஓடியது, மதியம் ஓடவில்லை" என்ற புகாருக்கு விடை பெரும்பாலும் இங்கே கிடைக்கும்.

தீர்வு இரண்டு பக்கமும் கூர். டிலேயை ஒரு மணி நேரமாக்கினால் ரிப்போர்ட் பிழைக்கும், ஆனால் அதுவரை லாக் பொருத்துவது நின்று, அதே ரெப்ளிகாவைப் பார்க்கும் மற்ற எல்லாத் திரைகளும் பழசாகும். ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்கை (எந்த வரிகள் இன்னும் வேண்டும் என்று ரெப்ளிகா முதன்மைக்குச் சொல்வதை) இயக்கினால் ரத்து குறையும், ஆனால் ரெப்ளிகாவின் ரிப்போர்ட் முதன்மையின் வேக்கத்தைப் பிடித்து நிறுத்தும். வழி 1இல் பார்த்த குப்பைமேடு திரும்பி வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே அமைப்பில் விடை இல்லை. இரண்டு ரெப்ளிகா வைப்பதே தெளிவான வழி: நேரலைத் திரைகளுக்கு ஒன்று, டிலே 30 வினாடி, ஸ்டேட்மென்ட் டைம்அவுட் 20 வினாடி. நீண்ட ரிப்போர்ட்டுகளுக்கு இன்னொன்று, டிலே ஒரு மணி நேரம், இரண்டிலும் ஃபீட்பேக் இல்லை.

ஒரு கண்ணியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கமிட்டை "ரிமோட் அப்ளை" நிலையில் வைத்து, ரிப்போர்ட் ரெப்ளிகாவையும் ஒத்திசைவுப் பட்டியலில் சேர்த்தால், ரெப்ளிகா பொருத்தி முடிக்கும் வரை முதன்மையில் கமிட் திரும்பாது. ரிப்போர்ட்டுக்காகப் பொருத்தும் வேலை நிற்கும்போது முதன்மையின் கமிட்டும் சேர்ந்து நிற்கும். ஒத்திசைவு ரெப்ளிகா வேறு, ரிப்போர்ட் ரெப்ளிகா வேறு என்று இருக்கட்டும்.

எஸ்கியூஎல் சர்வரின் ஆல்வேஸ் ஆன் குழுவில், 2012 பதிப்பிலிருந்து, இரண்டாம் நிலை நோடில் வாசிக்கலாம். அங்கே எல்லா வாசிப்பும் ஸ்னாப்ஷாட் நிலைக்கு மாற்றப்படுவதால் வரிப் பூட்டுத் தொல்லை இல்லை. பழைய பதிப்புகள் அந்த நோடின் டெம்ப்டிபியில் (தற்காலிக டேட்டாபேஸில்) சேரும், ஆகவே அதற்கு இடம் ஒதுக்குங்கள். வாசிப்பை இயக்கியதும் முதன்மையில் மாற்றப்படும் வரிகளுக்கு 14 பைட் கூடும். நிறைந்த பக்கங்கள் பிளக்கும், முதல் சில நாள் எழுத்துச் சுமை சற்றே ஏறும்.

இங்கே பெரிய இடறல் டேபிள் அமைப்பை மாற்றும்போது வரும். ரிப்போர்ட் ஓடும் வரை அந்த டேபிளின் அமைப்பின் மேல் ஒரு பூட்டு இருக்கும். முதன்மையில் யாரோ ஒரு நெடுவரிசை சேர்த்தால், அதை இங்கே பொருத்த வரும் ரெடோ செயல்முறை அந்தப் பூட்டுக்காக நிற்கும். அதன் பின்னால் வரும் எல்லா மாற்றமும் நிற்கும். ஒத்திசைவு நிலையிலும் முதன்மையின் கமிட் தடைபடாது, ஏனெனில் லாக் டிஸ்க்கில் பதிந்தாலே அது திருப்தியடையும். ஆனால் அந்த நேரம் பார்த்து ஃபெயில்ஓவர் (முதன்மை விழுந்து இரண்டாம் நிலை நோடு பொறுப்பேற்பது) ஆனால், தேங்கிய ரெடோ முழுதும் முடிந்த பிறகே டேட்டாபேஸ் திறக்கும். அமைப்பு மாற்றம் நடக்கும் நேரத்தில் ரிப்போர்ட் ஓடக் கூடாது என்பதை வேலைப் பட்டியலிலேயே எழுதி வையுங்கள். இணைப்புச் சரத்தில் "அப்ளிகேஷன் இன்டென்ட்" ரீட் ஒன்லி என்று இல்லாவிட்டால், லிஸனர் (இணைப்புகளை நோடுகளுக்கு அனுப்பும் முகவரி) ரிப்போர்ட்டை முதன்மைக்கே அனுப்பும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆரக்கிளில் இந்த வேலையை ஆக்டிவ் டேட்டா கார்ட் செய்கிறது. 11ஜி காலத்திலிருந்து இருக்கிறது, எண்டர்பிரைஸ் பதிப்பின் மேல் தனி உரிமம் கேட்கும். இதன் நல்ல அம்சம், "ஸ்டாண்ட்பை மேக்ஸ் டேட்டா டிலே" என்று செஷனில் 5 வினாடி எழுதினால், அதற்கு மேல் பின்தங்கியிருக்கும்போது பழைய விடையைத் தராமல் ஓரா-03172 பிழையைத் தரும். தவறான எண்ணைவிட நேர்மையான பிழை மேல். அண்டூ மட்டும் முதன்மையிலிருந்தே வருகிறது. ரெப்ளிகாவில் 01555 வந்தால் முதன்மையின் அண்டூ ரிடென்ஷனைத்தான் ஏற்ற வேண்டும்.

அமேசான் அரோரா போன்ற பொதுச் சேமிப்பு அமைப்பை ரெப்ளிகா என்று அழைத்தாலும், சேமிப்பு ஒன்றுதான். வாசிக்கும் நோடில் நீண்ட ஸ்னாப்ஷாட் இருந்தால் எழுதும் நோடில் பழைய பதிப்புகள் அகற்றப்படாமல் சேரும். பெயரைப் பார்த்து வழி 3 என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அது வழி 2க்குச் சொந்தக்காரன்.

தாமதத்தை அளக்க, எஞ்சின் தரும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். போஸ்ட்கிரெஸில் கடைசியாகப் பொருத்திய பரிவர்த்தனையின் நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழித்தால், எழுத்தே நடக்காத நள்ளிரவில் பெரிய தாமதம் இருப்பதுபோல் காட்டும். மைஎஸ்கியூஎல்லின் "செகண்ட்ஸ் பிஹைண்ட்" எண், லாக் வந்து சேர்வதே தாமதமாகும்போது பூஜ்யம் காட்டக்கூடும். முதன்மையில் ஒற்றை வரி டேபிள் வைத்து வினாடிக்கு ஒருமுறை நேரத்தை எழுதுங்கள். ரிப்போர்ட் தன் முதல் குவெரியிலேயே, அதே ஸ்னாப்ஷாட்டில், அந்த வரியைப் படித்துத் தலைப்பில் "10:42:17 வரையிலான தரவு" என்று அச்சிடட்டும். கேள்வி கேட்பவர்கள் பாதிப் பேர் அதைப் பார்த்ததும் சமாதானமாகிவிடுவார்கள்.

கலேராவில் மட்டும் கணக்கு தலைகீழ்

கலேரா வகை (மைஎஸ்கியூஎல், மரியாடிபி நோடுகளை இணைக்கும்) கிளஸ்டரில் ஒவ்வொரு நோடிலும் முழுத் தரவு இருக்கிறது, டிஸ்க் தனி, அண்டூ தனி. ரிப்போர்ட்டுக்கு ஒரு நோடை விட்டுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் ஏது என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் எல்லா நோடும் பொருத்தியாக வேண்டும். ரிப்போர்ட்டால் ஒரு நோடின் டிஸ்க் திணறினால் பொருத்தும் வேகம் குறையும், வரவு வரிசை நீளும். வரிசை வரம்பைத் தாண்டியதும் அந்த நோடு ஃப்ளோ கன்ட்ரோல் செய்தி அனுப்பும். கிளஸ்டர் முழுவதும் எழுத்து நிற்கும். மூன்றில் ஒரு நோடு மூச்சு வாங்கினால் மூன்றும் நிற்கின்றன.

டபிள்யூஎஸ்ரெப் ஃப்ளோ கன்ட்ரோல் பாஸ்டு என்ற எண்ணைப் பாருங்கள். 0.1 என்றால், அளந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு நின்றிருந்தது என்று பொருள். ரிப்போர்ட் ஓடும்போது அந்த நோடில் டபிள்யூஎஸ்ரெப் டிசிங்க்கை ஆன் செய்தால் அது பின்தங்கலாம், மற்றவற்றை நிறுத்தாது. முடிந்ததும் வரவு வரிசை வற்றிய பிறகு ஆஃப் செய்ய வேண்டும். மறந்தால் லோட் பேலன்ஸர் (சுமையைப் பங்கிடும் கருவி) பழைய தரவுள்ள நோடுக்குப் பயனரை அனுப்பும். அன்றாட ரிப்போர்ட்டுக்கு, கிளஸ்டருக்கு வெளியே சாதாரண ஒத்திசையா ரெப்ளிகா ஒன்றைத் தொங்கவிடுவதே எங்கள் தேர்வு.

வழி 4: அதே டேட்டாபேஸில் நெடுவரிசை வாரியான நகல்

வரி வாரியாகச் சேமித்த டேபிளில் 60 நெடுவரிசை இருந்து, ரிப்போர்ட்டுக்கு 4 மட்டும் போதும் என்றால், வீணாகப் படிப்பதுதான் பெரும் செலவு. நெடுவரிசை வாரியான நகல் அதை அடியோடு குறைக்கிறது.

எஸ்கியூஎல் சர்வரில் 2016 முதல், சாதாரண டேபிளின் மேல் எழுதத்தக்க காலம்ஸ்டோர் (நெடுவரிசை வாரியான) இண்டெக்ஸ் வைக்கலாம். ஒரு தொகுதிக்கு 10,48,576 வரி வரை. புதிய வரிகள் முதலில் டெல்டா பகுதியில் சேர்ந்து, பிறகு சுருக்கப்படும். சுருக்கிய பிறகு ஒரு வரியை மாற்றினால் அது அழிப்பும் புதுச் சேர்ப்புமாகவே நடக்கும். ஓர் ஆர்டர் அரை மணிக்குள் பத்து முறை நிலை மாறினால் தொகுதி முழுக்கப் பொத்தல். இரண்டு கைப்பிடி உண்டு. கம்ப்ரெஷன் டிலேயை 60 நிமிடம் என்று வைத்தால் வரி அடங்கும் வரை சுருக்கம் காத்திருக்கும். அல்லது "அனுப்பி முடித்த ஆர்டர்" மட்டும் என்று வடிகட்டிய இண்டெக்ஸ் வைக்கலாம். இரண்டாம் நிலை நோடில் ரிப்போர்ட் ஓடினாலும் இண்டெக்ஸை முதன்மையில்தான் உருவாக்க வேண்டும், அதன் எழுத்துச் செலவும் முதன்மைக்கே.

ஆரக்கிளின் இன்-மெமரி (நினைவகத்தில் நெடுவரிசை வாரியான நகல்) 2014இல் 12.1.0.2 பதிப்போடு வந்தது. ரேக்கில் ஒவ்வொரு நோடும் டேபிளின் ஒரு பகுதியை மட்டும் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். பேரலல் டிகிரி பாலிசி ஆட்டோவாக இல்லாமல் ஒரே நோடில் குவெரி ஓடினால், அடுத்த நோடின் பகுதி கிடைக்காமல் டிஸ்க்குக்கும் கேஷுக்கும் போகும். "வாங்கிப் போட்டோம், வேகம் வரவில்லை" என்பதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. வழி 2இல் சொன்ன பேரலல் ஃபோர்ஸ் லோக்கல் இதோடு நேரடியாக மோதும் என்பதையும் கவனியுங்கள்.

இந்தப் பிரிவில் வடிவமைப்பாக எங்களுக்குப் பிடித்தது டைடிபி டேட்டாபேஸின் டைஃபிளாஷ். நெடுவரிசை வாரியான நகல் ராஃப்ட் குழுவில் (வாக்களித்து லாக்கை ஏற்கும் நகல்களின் குழுவில்) வாக்கில்லாத உறுப்பினராக லாக்கைப் பெறுகிறது. அது பின்தங்கினால் கமிட் காத்திருக்காது. வாசிக்கும்போது தலைமை நகலிடம் எதுவரை வந்தாக வேண்டும் என்று கேட்டு, அங்கே சேரும் வரை குவெரி காத்திருக்கும். தாமதத்தின் விலையை எழுதுபவர் கட்டுவதில்லை, வாசிப்பவர் கட்டுகிறார். அதை எழுதும் நோடோடு ஒரே மெஷினில் வைத்தால் மட்டும் இந்த நன்மை போய்விடும்.

வழி 5: முன்பே கூட்டி வைத்த டேபிள்

திரையில் வருவது பத்து எண் என்றால், கோடி வரிகளை ஒவ்வொரு முறையும் ஏன் படிக்க வேண்டும்? சரியான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு ஆர்டரும் "இன்றைய மொத்தம்" என்ற ஒரே வரியை அப்டேட் செய்தால், எல்லாப் பரிவர்த்தனையும் அந்த ஒரு வரிப் பூட்டில் வரிசை கட்டும். பல நோடு எழுதும் ரேக்கில் அந்த பிளாக் நோடுகளுக்கிடையே பந்தாடப்படும். ஒவ்வொரு பரிவர்த்தனையும் மாற்றத்தைத் தனி வரியாகச் சேர்க்கட்டும். 5 அல்லது 10 வினாடிக்கு ஒருமுறை ஒரு வேலை அவற்றைக் கூட்டிச் சுருக்கட்டும்.

அந்த வேலையை "கடைசியாகப் பார்த்த எண்ணுக்கு மேல் உள்ளவை" என்று எழுதினால் வரிகள் தொலையும். சீக்வென்ஸ் எண் (தானாக ஏறும் எண்) வாங்கிய வரிசையும் கமிட் ஆன வரிசையும் ஒன்றில்லை. எண் 1041 வாங்கியவர் இன்னும் கமிட் செய்யாதபோது 1042 கமிட் ஆகி, வேலை 1042 வரை குறித்துக்கொண்டு போய்விட்டால், 1041 என்றைக்கும் கூட்டப்படாது. ரேக்கில் ஒவ்வொரு நோடும் தனக்கென எண்களைக் கொத்தாக எடுத்து வைத்துக்கொள்வதால் இது இன்னும் மோசம். எண்ணை வைத்துத் தேடாமல், கண்ணுக்குத் தெரியும் வரிகளை எடுத்து, கூட்டி, அதே பரிவர்த்தனையில் அழித்துவிடுங்கள். கமிட் ஆகாதது அடுத்த சுற்றில் வரும்.

வழி 6: கிளஸ்டரை விட்டே வெளியே

டெபீசியம் (மாற்றங்களைப் பிடிக்கும் கருவி), காஃப்கா (செய்தி ஓடை) வழியாகக் கிளிக்ஹவுஸ் (பகுப்பாய்வு டேட்டாபேஸ்) போன்ற இடத்துக்கு மாற்றங்களை ஓட்டினால் வாசிப்புச் சண்டை முடிந்தது. பல மூலங்களை இணைக்க வேண்டியிருந்தாலும், வருடக்கணக்கான வரலாறு வேண்டியிருந்தாலும் இதுவே வழி. ஆனால் ஆர்டர் தலைப்பு வந்து அதன் வரிகள் வராத இடைவெளி தெரியும், ஏனெனில் ஒவ்வொரு டேபிளும் தனி ஓடையாக வருகிறது. கிளிக்ஹவுஸின் ரீபிளேசிங் மெர்ஜ்ட்ரீயில் (பழைய பதிப்புக்குப் பதில் புதியதை வைக்கும் டேபிள் வகையில்) பழைய பதிப்பு பின்னணியில் சேர்க்கப்படும் வரை இருக்கும். குவெரியில் ஃபைனல் என்ற சொல் போடாத கூட்டல் இரட்டிப்பாகும்.

முதன்மையைத் தொடும் பெரிய ஆபத்து ரெப்ளிகேஷன் ஸ்லாட் (வாங்குபவர் லாக்கை எதுவரை படித்தார் என்ற குறி). வாங்குபவர் நின்றால் போஸ்ட்கிரெஸ் லாக்கை அழிக்காமல் வைத்துக்கொண்டே போகும். டிஸ்க் நிரம்பினால் முதன்மையே விழும். 13ஆம் பதிப்பு முதல் "மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்" இருக்கிறது, இயல்பு மதிப்பு வரம்பின்மை. அதற்கு ஓர் எண் போடாமல் இந்த வழியில் இறங்காதீர்கள்.

எதை எடுப்பது

சில வினாடிகள் முதல் ஒரு நிமிடம் வரை தாமதம் ஏற்றால் ரெப்ளிகாவில் தொடங்குங்கள். திரும்பத் திரும்ப வரும் சில எண்களை மட்டும் கூட்டல் டேபிளுக்கு நகர்த்துங்கள். இந்த இரண்டும் சேர்ந்தே பெரும்பாலான தேவையை முடித்துவிடும். பரந்த ஸ்கேன், அதுவும் பூஜ்யத் தாமதத்தில், அதுவும் அடிக்கடி என்றால்தான் நெடுவரிசை வாரியான நகலுக்குப் பணம் போடலாம். ரேக் ஏற்கெனவே இருக்கிறது, வாசிப்பது பெரும்பாலும் பழைய பார்ட்டிஷன் என்றால் தனி நோடு போதும். சூடான பார்ட்டிஷன் என்றால் அதே பணத்தில் ஸ்டாண்ட்பை நல்லது.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. உச்ச நேரச் சுமையை ஓட்டி, கமிட் நேரத்தின் 99ஆம் சதமானத்தை (100இல் 99 கமிட் அதற்குள் முடியும் நேரத்தை) குறியுங்கள். சராசரி வேண்டாம், அது எல்லாவற்றையும் மறைக்கும். பிறகு மிகக் கனமான ரிப்போர்ட்டை ஒன்று, மூன்று, ஆறு என்று ஒரே நேரத்தில் ஏவி, ஒவ்வொரு படியிலும் அதே எண்ணைப் பாருங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஓடட்டும், ஏனென்றால் பழைய பதிப்புகளின் சேர்க்கை முதல் பத்து நிமிடத்தில் தெரியாது. ரிப்போர்ட் ஓடும்போதே ஓர் எழுதும் நோடை அணையுங்கள். பரிவர்த்தனை ரிப்போர்ட் நோடுக்கு வந்து சேரும்போது அங்கே ஆறு ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருந்தால் யார் அவற்றை நிறுத்துவது, எந்தக் கட்டளையால், எத்தனை வினாடிக்குள் என்று அப்போது தெரிந்துவிடும். அந்தக் கட்டளையை ஃபெயில்ஓவர் ஸ்கிரிப்டின் முதல் வரியாகப் போடுங்கள்.